கேமரா வாங்கியாயிற்று, அடுத்து எதை வாங்குவது? பயண வ்லாக் தொடங்குபவருக்கான துணைக்கருவி வழிகாட்டி

சிறிய வ்லாக் கேமரா வாங்கப் போனால், பில் போடும் நேரத்தில் கடைக்காரர் ஒரு 'கிட்' எடுத்து நீட்டுவார். குட்டி ட்ரைபாட், பஞ்சு உறை போட்ட மைக், எல்இடி லைட், ஃபில்டர் டப்பா, துடைக்கும் துணி எல்லாம் ஒரே பையில் இருக்கும். அதில் பாதி முதல் பயணத்தோடு அலமாரிக்குள் போய்விடும். இல்லாவிட்டால் படப்பிடிப்பே நின்றுபோகும் என்ற பொருள்கள் மட்டும் அதில் இருக்காது: கூடுதல் பேட்டரி, நம்பிக்கையான மெமரி கார்டு, காற்றுக்குத் தாங்கும் மைக்.

ஆகவே வாங்கும் வரிசையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். எது இல்லையென்றால் அன்றைய வேலை நின்றுவிடுமோ அது முதலில். எது இல்லையென்றால் எடுத்த வீடியோ பார்க்கவோ கேட்கவோ முடியாமல் போகுமோ அது அடுத்து. அழகு சேர்ப்பவை எல்லாம் இரண்டாவது பயணத்துக்கு.

எடுத்துக்காட்டுக்கு சோனியின் இசட்வி-1 வரிசையை எடுத்துக்கொள்வோம். 2020-இல் இசட்வி-1, 2022-இல் இசட்வி-1எஃப், 2023-இல் இசட்வி-1 மார்க் 2 என்று மூன்று வந்தன. பழைய கேமரா சந்தையிலும் இவை நிறையக் கிடைப்பதால் புதிதாகத் தொடங்குபவர் பலர் இவற்றில்தான் தொடங்குகிறார்கள். உங்களுடையது வேறு கேமராவாக இருந்தால் பெயர்களும் எண்களும் மாறும், வரிசை மாறாது.

முதலில் கேமராவைத் திருப்பிப் பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் நான்கு விஷயங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பேட்டரியின் மாடல் எண், சார்ஜ் ஏற்றும் துளையின் வகை, லென்ஸின் முன்விளிம்பில் ஃபில்டர் திருகும் மரை இருக்கிறதா, அடியில் ட்ரைபாட் திருகு துளைக்கும் பேட்டரி மூடிக்கும் எவ்வளவு இடைவெளி.

ஒரே குடும்பத்துக் கேமராக்களிலேயே இவை வேறுபடும். மேலே சொன்ன மூன்றுக்கும் பேட்டரி ஒன்றுதான், என்பி-பிஎக்ஸ்1. ஆனால் இசட்வி-1 கேமராவில் பழைய மைக்ரோ யூஎஸ்பி துளை, மற்ற இரண்டிலும் யூஎஸ்பி-சி. இசட்வி-1 லென்ஸில் ஃபில்டர் மரையே கிடையாது, அதற்குப் பதில் கேமராவுக்குள்ளேயே, வெளிச்சத்தைக் குறைக்கும் ஒரு என்டி ஃபில்டர் இருக்கிறது. இசட்வி-1எஃப் அதற்கு நேர் எதிர்: உள்ளே என்டி இல்லை, லென்ஸில் 40.5 மி.மீ. மரை உண்டு. "இசட்வி-க்குப் பொருந்தும்" என்று எழுதியிருந்த ஃபில்டர் செட்டை வாங்கிவந்து, திருக இடமில்லாமல் திருப்பிக் கொடுக்க அலைவது இதனால்தான்.

பேட்டரி: மொத்தம் மூன்று

என்பி-பிஎக்ஸ்1 தீப்பெட்டி அளவுதான். 1240 எம்ஏஎச், வாட்-மணிக் கணக்கில் 4.5. இசட்வி-1-இல் நின்று நின்று வீடியோ எடுக்கும்போது ஒரு பேட்டரி சுமார் 45 நிமிடம் வரும் என்பது நிறுவனமே தரும் கணக்கு. பயணத்தில் திரையைத் திறந்து காட்சி பார்ப்பது, ஜூம் செய்வது, எடுத்ததைப் போட்டுப் பார்ப்பது எல்லாம் சேர்ந்து அதையும் குறைக்கும். கேமராவோடு வந்தது ஒன்று, வாங்குவது இரண்டு, ஆக மூன்று என்றால் காலையில் கிளம்பி இரவு அறைக்குத் திரும்பும்வரை தாங்கும்.

இங்கே பலர் சார்ஜரை மறந்துவிடுகிறார்கள். கேமராவுக்குள்ளேயே வைத்து ஏற்றினால் ஒரு பேட்டரி நிரம்ப ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆகும். மூன்றுக்கு ஏழரை மணி நேரம், அதுவும் நடுராத்திரியில் இரண்டு முறை எழுந்து மாற்றினால்தான். யூஎஸ்பியில் இயங்கும் இரட்டைச் சார்ஜர் ஒன்று வாங்கிவிட்டால், படுக்கும்போது இரண்டு பேட்டரி சார்ஜரில், ஒன்று கேமராவில் என்று மூன்றும் ஒன்றாக ஏறிவிடும். சார்ஜரில் இருக்கும் துளை உங்கள் போன் கேபிளுக்குப் பொருந்துவதாகப் பார்த்து வாங்குங்கள், பையில் ஒரு கேபிள் குறையும்.

வேறு நிறுவனங்களின் பேட்டரி மலிவு. வாங்கலாம், ஆனால் அட்டையில் 2000 எம்ஏஎச் என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். அதே அளவு டப்பாவுக்குள் அவ்வளவு மின்சாரத்தை அடைக்க வழியில்லை. அத்தகைய பேட்டரிகளில் வரும் வழக்கமான கோளாறு, மீதி அளவு தவறாகக் காட்டுவது. 40 சதவீதம் என்று நிற்கும், சட்டென்று கேமரா அணைந்துவிடும். ஒவ்வொரு பேட்டரியிலும் 1, 2, 3 என்று எண் எழுதிய சிறு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். எந்த எண் சீக்கிரம் தீர்கிறது என்பது இரண்டே நாளில் தெரிந்துவிடும். தீர்ந்ததை உறைக்குள் தலைகீழாகப் போடும் பழக்கம் வந்துவிட்டால் எது நிரம்பியது, எது காலி என்று தேட வேண்டியதில்லை. சில்லறைக் காசும் சாவியும் கிடக்கும் பாக்கெட்டில் மட்டும் வெறும் பேட்டரியைப் போடவே கூடாது. முனைகள் காசில் பட்டால் ஷார்ட் ஆகிச் சூடேறும்.

10,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்பது 37 வாட்-மணி. மின்னழுத்தத்தை மாற்றுவதில் வீணாவது போக, இந்தச் சிறு பேட்டரியை ஐந்து முறையாவது நிரப்பும். விமானத்தில் போகிறவர்கள் கூடுதல் பேட்டரி, பவர் பேங்க் இரண்டையும் கைப்பையில்தான் வைக்க வேண்டும். செக்-இன் பெட்டியில் போட்டால் பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவார்கள். 100 வாட்-மணி வரை அனுமதி வாங்கத் தேவையில்லை, 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74 வாட்-மணி என்பதால் அதற்குள் அடங்கும். வாட்-மணி எண் அச்சிடாத, அல்லது அழிந்துபோன பவர் பேங்கைச் சோதனை வாயிலில் மறுக்கக்கூடும். ரயிலில் இரவுப் பயணம் என்றால் இன்னொன்று. பல ரயில்களில் தீ விபத்தைத் தவிர்க்க இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை சார்ஜிங் பிளக்குக்கு மின்சாரத்தை நிறுத்திவிடுகிறார்கள். "ரயிலில் ஏற்றிக்கொள்ளலாம்" என்று திட்டம் போடாதீர்கள்.

சிங்கப்பூர், மலேசியா, துபாய் போகிறவர்களுக்கு மூன்று தட்டைக் கம்பிகள் கொண்ட பிளக் தேவை. இலங்கையில் நம் ஊர் உருண்டைக் கம்பிப் பிளக், தட்டைக் கம்பிப் பிளக் இரண்டுமே புழக்கத்தில் உண்டு. ஓர் அடாப்டர் போதும்.

மெமரி கார்டு: வேகம் ஒரு எண், நம்பிக்கை வேறு

கார்டின் முகத்தில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 170, 200 போன்ற எண்கள் படிக்கும் வேகம், அதாவது கணினிக்கு இறக்கும் வேகம். வீடியோ எடுப்பதற்கு வேண்டியது எழுதும் வேகம், அதுவும் தொடர்ந்து குறையாமல் எழுதும் வேகம். அதைச் சொல்வது வி30 என்ற சிறு குறி. நொடிக்கு 30 எம்பிக்குக் கீழே போகாது என்பது அதன் பொருள். இசட்வி-1 எடுக்கும் உச்சத் தரம் 4கே, 100 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 100 மெகாபிட். பிட்டிலிருந்து பைட்டுக்கு மாற்ற எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 எம்பி. ஆக வி30 தாராளம். அதே 30 எம்பி உறுதியைச் சொல்லும் இன்னொரு குறி யூ3, அது இல்லாத கார்டைப் போட்டால் 100 எம்பிபிஎஸ் தரத்தில் பதிவு தொடங்கக் கேமரா மறுத்துவிடும். யூஎச்எஸ்-2 என்ற விலை உயர்ந்த கார்டின் வேகத்தை இந்தக் கேமராவால் பயன்படுத்த முடியாது, அந்தப் பணத்தை மைக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அளவுக் கணக்கு எளிது. 100 எம்பிபிஎஸ் என்றால் நிமிடத்துக்கு 750 எம்பி, மணிக்கு 45 ஜிபி. 60 எம்பிபிஎஸ் 4கே என்றால் மணிக்கு 27 ஜிபி. ஒரு நாளில் பெரும்பாலோர் எடுப்பது ஒரு மணி நேரத்துக்குள்தான். 256 ஜிபி கார்டு ஒன்றைவிட 128 ஜிபி கார்டு இரண்டு மேல். ஒன்று கெட்டாலும் தொலைந்தாலும் பாதிப் பயணமாவது கையில் மிஞ்சும்.

போலிக் கார்டு உண்மையான ஆபத்து. 16 ஜிபி சில்லை வைத்து 128 ஜிபி என்று காட்டும்படி மாற்றியிருப்பார்கள். கேமரா அதை நம்பிப் பதிவு செய்துகொண்டே போகும், உண்மையான இடம் தீர்ந்தபின் எழுதியது எல்லாம் பாழ். அறையில் உட்கார்ந்து கோப்பைத் திறக்கும்போதுதான் தெரியவரும். வாங்கிய அன்றே சோதித்துவிடுங்கள். விண்டோஸ் கணினிக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக், லினக்ஸ் கணினிகளுக்கு எஃப்3 என்று இலவச நிரல்கள் உண்டு. கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படித்து ஒப்பிடும். 128 ஜிபிக்குச் சில மணி நேரம் பிடிக்கும், இரவில் ஓடவிடலாம்.

எஸ்டி கார்டின் இடது விளிம்பில் நகத்தின் நுனியளவு ஒரு தள்ளுபொத்தான் இருக்கிறதே, அதைக் கொஞ்சம் கவனியுங்கள். கீழே தள்ளினால் கார்டு பூட்டிக்கொள்ளும், எதையும் எழுத முடியாது. நாள்பட்ட கார்டில் அது தளர்ந்து, கேமராவுக்குள் செருகும்போதே தானாகக் கீழே இறங்கிவிடும். கார்டு பூட்டியிருக்கிறது என்று திரையில் வரும், வெளியே எடுத்துப் பார்த்தால் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். பொத்தானை மேலே தள்ளி, ஒரு சிறு துண்டு மெல்லிய டேப்பை அந்தப் பள்ளத்தின் மேல் ஒட்டினால் பயணம் முடியும்வரை தாக்குப்பிடிக்கலாம். டேப்பின் விளிம்பு தூக்கிக்கொண்டிருந்தால் கார்டு உள்ளே சிக்கிக்கொள்ளும், நகத்தால் நன்றாக அழுத்தித் தேய்த்துவிடுங்கள். ஊர் திரும்பியதும் அந்தக் கார்டுக்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும்.

கார்டை எப்போதும் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். கணினியில் வைத்துக் கோப்புகளை ஒவ்வொன்றாக அழித்தால், சோனி கேமராக்கள் தம் பட்டியலும் கார்டில் இருப்பதும் பொருந்தவில்லை என்று அடுத்த முறை நின்றுவிடும்.

தினமும் இரவு கார்டிலிருந்து இன்னொரு இடத்துக்கு நகல் எடுக்க வேண்டும். மடிக்கணினி வேண்டியதில்லை. யூஎஸ்பி-சி கார்டு ரீடர் ஒன்று, 1 டிபி வெளி எஸ்எஸ்டி (சேமிப்பு டிஸ்க்) ஒன்று, இரண்டையும் போனோடு இணைக்க ஒரு சிறு ஹப். எஸ்எஸ்டியை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்திருந்தால் போன், கணினி இரண்டிலும் திறக்கும், 4 ஜிபியைத் தாண்டும் கோப்பும் ஏறும். நகல் எடுத்த கையோடு கார்டை அழித்துவிடாதீர்கள். இடம் இருக்கும்வரை இரண்டு இடத்திலும் இருக்கட்டும், எஸ்எஸ்டி ஒரு பையிலும் கார்டு இன்னொரு பையிலும்.

ஒலி: பணத்தைச் செலவழிக்க வேண்டிய இடம்

படம் கொஞ்சம் ஆடினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு புரியவில்லை என்றால் பத்து நொடி கூட இருக்க மாட்டார்.

இசட்வி-1 பெட்டிக்குள்ளேயே ரோமம் அடர்ந்த ஒரு காற்றுத்தடுப்பு வரும். கேமராவின் தலையில் துணைக்கருவி மாட்டும் 'ஷூ' என்ற பள்ளத்தில் அதைச் செருகினால் உள்மைக்கின் துளைகளை மூடிக்கொள்ளும். இதைப் போடாமல் தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நின்று பேசினால் படபடவென்ற இரைச்சலைத் தவிர வேறெதுவும் பதிவாகாது. மெல்லிய பஞ்சு உறை, வாயிலிருந்து வரும் மூச்சுக்காற்றைத் தடுக்கும். கடற்காற்றுக்கு ரோமம்தான். இழைகள் காற்றின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைப்பதால் மைக்கின் மேல் நேரடியாக மோதாது. மழையிலோ வியர்வையிலோ இழைகள் ஒட்டிக்கொண்டால் பயன் போய்விடும், உதறிக் காயவைத்து விரலால் நீவிவிடுங்கள்.

கையெட்டும் தூரத்தில் கேமராவைப் பிடித்துப் பேசுவதற்கு உள்மைக்கும் ரோமமும் போதும். கேமராவை வைத்துவிட்டு நான்கடி தள்ளி நின்றாலே குரல் மெலிந்து சுற்றுச்சத்தம் மேலேறும். நடந்து நடந்து பேசுபவர், சந்தையில் பேசுபவர், ஊர்க்காரரிடம் பேட்டி எடுப்பவர் எல்லோருக்கும் ஒயர்லெஸ் மைக் தேவை. வாங்கும்போது இவற்றைப் பாருங்கள்.

ரிசீவரிலிருந்து (சட்டை மைக்கின் சிக்னலை வாங்கும் பெட்டி) கேமராவுக்கு 3.5 மி.மீ. கேபிள் வருகிறதா? அதன் முனையில் கறுப்பு வளையங்கள் எத்தனை? கேமராவுக்கு இரண்டு வளையம் உள்ள டிஆர்எஸ் கேபிள் வேண்டும். மூன்று வளையம் உள்ள டிஆர்ஆர்எஸ் போனுக்கானது, கேமராவில் போட்டால் சத்தமே வராது, அல்லது இரைச்சலோடு மெலிதாக வரும். போனுக்கென்று விற்கும் யூஎஸ்பி-சி ரிசீவரை வாங்கிக் கேமராவின் யூஎஸ்பி-சி துளையில் செருகுவது அடிக்கடி நடக்கும் தவறு. அந்தத் துளை சார்ஜுக்கும் கோப்பு மாற்றத்துக்கும்தான், மைக்கை ஏற்காது.

அடுத்து, சட்டையில் மாட்டும் பகுதிக்கும் ரோம உறை வருகிறதா, அந்தப் பகுதியிலேயே தனியாகப் பதிவு செய்யும் வசதி உண்டா என்று கேளுங்கள். கூட்டத்தில் சிக்னல் விட்டுவிட்டு வந்தால் அந்தப் பதிவு காப்பாற்றும். இந்த மைக்குகளில் பெரும்பாலானவை வைஃபை புழங்கும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் இயங்குகின்றன. பெட்டியில் 200 மீட்டர் என்று போட்டிருந்தாலும், முதுகைக் காட்டித் திரும்பி நின்றாலே உடம்பு குறுக்கே வந்து சிக்னல் குறையும்.

மாட்டும் இடம்: தாடைக்கு ஒரு சாண் கீழே, நெஞ்சின் நடுவில். துப்பட்டாவுக்கோ முந்தானைக்கோ அடியில் வைத்தால் துணி உரசும் சத்தம் ஒவ்வொரு அசைவிலும் ஏறும். பருத்தித் துணி அமைதியானது, பாலியஸ்டர் சரசரக்கும். கழுத்துச் சங்கிலி மைக்கில் தட்டுகிறதா என்று ஒரு முறை குனிந்து நிமிர்ந்து பாருங்கள். தட்டினால் சங்கிலியை உடைக்குள் விட்டுவிடுங்கள், ஏனென்றால் அந்த டிக் டிக் சத்தத்தை எடிட்டிங்கில் எடுக்கவே முடியாது.

அளவு வைப்பதில் ஒரு வரிசை உண்டு. கேமராவில் ஒலிப்பதிவு அளவைக் குறைத்து வையுங்கள், ரிசீவரில் கூட்டுங்கள். கேமராவின் சொந்த ஆம்ப்ளிஃபயர் சிறியது, கூட்டினால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் சேர்ந்து கூடும். வழக்கமாகப் பேசும் உரத்த குரலில் பேசி, திரையில் ஆடும் ஒலிப் பட்டை உச்சத்தில் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் வரும்படி நிறுத்துங்கள். சிரிப்பும் கூச்சலும் வரும்போது மேலே இடம் இருக்க வேண்டும்.

இனி வருவது எல்லாவற்றையும்விட முக்கியம். 3.5 மி.மீ. கேபிளைச் செருகிய நொடியே கேமரா உள்மைக்கை அணைத்துவிடும். ரிசீவர் அணைந்திருந்தால், மைக் ம்யூட்டில் இருந்தால், கேபிள் பாதி வெளியே வந்திருந்தால், வீடியோ ஊமையாகப் பதிவாகும், எந்த எச்சரிக்கையும் வராது. இசட்வி-1-இல் ஹெட்போன் துளையும் இல்லை, கேட்டுப் பார்க்க வழியில்லை. எனவே ஒவ்வொரு முறை பதிவு தொடங்கும்போதும் முதல் சொல்லைப் பேசும்போது அந்தப் பட்டை ஆடுகிறதா என்று கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். இடம் மாறியதும் பத்து நொடி எடுத்து, கேமரா ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள்.

கைப்பிடியும் கால்களும்

இசட்வி-1 லென்ஸின் அகலம் 24 மி.மீ.-க்குச் சமம் (எண் குறையக் குறையக் காட்சி அகலும்). ஆட்டம் குறைக்கும் 'ஆக்டிவ்' முறையைப் போட்டால் படத்தின் விளிம்பை வெட்டிக்கொள்ளும். கையை நீட்டிப் பிடித்தாலும் முகமே திரையை அடைத்துக்கொண்டு, பின்னால் இருக்கும் கோபுரமோ கடலோ தெரியாது. கைப்பிடி வாங்குவதற்கு இதுதான் முதல் காரணம்: கேமரா இன்னும் ஒரு சாண் தள்ளிப் போகும். 18 மி.மீ.-இல் தொடங்கும் மார்க் 2, 20 மி.மீ. உள்ள 1எஃப் ஆகியவற்றில் இந்தச் சிக்கல் குறைவு.

விரித்தால் மேசை ட்ரைபாட், மூடினால் கைப்பிடி என்று இரண்டு வேலையும் செய்யும் வகையை வாங்குங்கள். சோனியின் ஜிபி-விபிடி2பிடி அப்படிப்பட்டது. பதிவுப் பொத்தானும் ஜூமும் கைப்பிடியிலேயே இருக்கும், கேமராவோடு ப்ளூடூத்தில் இணையும். மலிவான கைப்பிடிகளில் தலைப்பகுதி உருண்டையாக இருந்தால் கடையிலேயே கேமராவைப் பூட்டி, 45 பாகை சாய்த்து, ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். மெல்ல மெல்லத் தலை குனிந்தால் வேண்டாம்.

திருகு ஏறக்குறைய எல்லாக் கேமராவுக்கும் ஒரே கால் அங்குலம்தான். ஆனால் இந்தச் சிறு கேமராக்களில் பேட்டரியும் கார்டும் அடிப்பக்க மூடிக்குள் இருக்கின்றன. ட்ரைபாட் தட்டைத் திருகினால் மூடி திறக்காது. பேட்டரி மாற்ற ஒவ்வொரு முறையும் தட்டைக் கழற்ற வேண்டும். அகலம் குறைந்த, நாணயத்தை வைத்துத் திருக வேண்டியில்லாமல் கையாலேயே கழற்றக்கூடிய திருகு உள்ள தட்டைத் தேர்ந்தெடுங்கள்.

ஆளுயர ட்ரைபாட் முதல் பயணத்துக்குத் தேவையில்லை. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள மாமல்லபுரம், தஞ்சைப் பெரிய கோயில் போன்ற இடங்களில் முன் அனுமதி இல்லாமல் ட்ரைபாட் வைக்க விட மாட்டார்கள். தமிழகக் கோயில்கள் பலவற்றில் கேமராவே உள்ளே போகாது. மணிக்கட்டுப் பட்டை மட்டும் கட்டாயம். படகில், மலை விளிம்பில், பேருந்துப் படியில் அது இல்லாமல் கேமராவை வெளியே எடுக்காதீர்கள்.

வெயிலுக்கு என்டி ஃபில்டர்

நம் ஊரில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமரா என்டிஎஸ்சி முறையில் (60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான வீடியோ முறை), நொடிக்கு 30 பிரேம், ஷட்டர் வேகம் 1/60 நொடி என்று இருந்தால் ட்யூப் லைட், எல்இடி வெளிச்சத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடும். மெனுவில் 50 ஹெர்ட்ஸுக்கான பால் (PAL) முறைக்கு மாற்றி 25 பிரேம், ஷட்டர் 1/50 வையுங்கள். மாற்றும்போது கார்டை மறுபடி ஃபார்மட் செய்ய வேண்டியிருக்கும், அதனால் இதை வீட்டிலேயே முடித்துவிடுவது நல்லது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், அமீரகம் எல்லாம் 50 ஹெர்ட்ஸ்தான். அமெரிக்கா, கனடா, தைவான், தென்கொரியா 60 ஹெர்ட்ஸ். அங்கே போனால் ஷட்டரை 1/60-க்கு மாற்றினால் போதும்.

ஷட்டரை 1/50-இல் நிறுத்தினால் உச்சி வெயிலில் படம் வெளுத்துப்போகும். வெளிச்சத்துக்கான உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 125-இல் கூட, வெளிச்சம் சரியாக வர லென்ஸ் துளையை எஃப்/25 அளவுக்குச் சுருக்க வேண்டும், அவ்வளவு சுருங்கும் லென்ஸ் இதில் இல்லை. என்டி என்பது லென்ஸுக்குப் போடும் கூலிங் கிளாஸ். இசட்வி-1 உள்ளே இருக்கும் என்டி வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காக்கும், அதைப் போட்டால் எஃப்/9-இல் சரியாக வரும். தனியாக எதுவும் வாங்க வேண்டாம். 1எஃப் வைத்திருப்பவர் 40.5 மி.மீ.-இல் என்டி16 ஒன்று, என்டி32 ஒன்று வாங்கலாம். மேகமூட்டத்துக்கு என்டி8. சுழற்றிச் சுழற்றி அடர்த்தியை மாற்றும் வேரியபிள் என்டி வசதியாகத் தோன்றும், ஆனால் அகன்ற லென்ஸில் அடர்த்தியைக் கூட்டினால் வானத்தில் பெருக்கல் குறி போல ஒரு கறை விழும். மலிவானவற்றில் முகத்தின் நிறமும் மாறும்.

இதெல்லாம் இப்போதைக்குக் குழப்பமாக இருந்தால் ஷட்டரைத் தானியங்கியில் விட்டுவிட்டு, ஃபில்டர் இல்லாமலே முதல் பயணத்தை எடுங்கள். அசைவு கொஞ்சம் வெட்டி வெட்டித் தெரியும், அவ்வளவுதான்.

மணலும் ஈரமும்

இந்தக் கேமராக்கள் மழை, தூசு எதையும் தாங்கும்படி செய்தவை அல்ல. இசட்வி-1 லென்ஸ், கேமராவை இயக்கினால் குழாய் குழாயாக வெளியே நீளும், அணைத்தால் உள்ளே போகும். கடற்கரையில் அந்த மூட்டுக்குள் ஒரு மணல் துகள் போனால் பாதியில் நின்றுவிடும். மணல் படிந்திருக்கும்போது கேமராவை அணைக்காதீர்கள், அணைத்தால் துகளையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து, ரப்பர் பல்ப் ப்ளோயரால் நான்கைந்து முறை ஊதிவிட்டு அணையுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். டப்பாவில் வரும் அழுத்தக் காற்றும் வேண்டாம்.

ஏசி அறையிலிருந்து வெளியே சென்னைப் புழுக்கத்துக்கு வந்ததும் லென்ஸ் பனி படிந்ததுபோல் மங்கும். துடைத்தால் மறுபடி படியும். கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே கேமராவை ஜிப் உறையில் போட்டு மூடி வெளியே வைத்துவிடுங்கள். ஈரம் உறையின் மேல் படியும், கேமராவில் படியாது. பையில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், நிறம் மாறும் மணிகள் உள்ளதாக இருந்தால் எப்போது காயவைக்க வேண்டும் என்று தெரியும். மூணாறு, வால்பாறை மழையில் சுற்றி வந்த கேமராவை ஈரத்தோடு பையில் பூட்டி வாரக்கணக்கில் வைத்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். அதைச் சுத்தம் செய்யும் செலவு ஒரு நல்ல மைக்கின் விலை.

மைக்ரோஃபைபர் துணி இரண்டு வேண்டும், ஒன்று லென்ஸுக்கு, ஒன்று மற்றதற்கு. திரைக்கு ஒரு கண்ணாடி ஒட்டு.

இப்போதைக்கு வேண்டாதவை

கேமராவை ஆடாமல் தாங்கும் மோட்டார் கைப்பிடியான கிம்பல் வேண்டாம். கேமராவைவிட எடை கூடும், எடுத்துப் பொருத்திச் சமன் செய்வதற்குள் காட்சி போய்விடும். முழங்காலைச் சற்று மடக்கி, பாதத்தைக் குதிகாலிலிருந்து விரல்வரை மெதுவாக ஊன்றி நடக்கப் பழகினால் ஆக்டிவ் முறை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். எல்இடி லைட்டும் இப்போது வேண்டாம். கேமராவில் ஷூ ஒன்றே ஒன்று, அதில் ரோம உறையோ ரிசீவரோ உட்கார்ந்திருக்கும். காட்சியை அகலமாக்க லென்ஸில் பசை போட்டு ஒட்டும் வைட் கன்வெர்ட்டர்களையும் தவிர்த்துவிடுங்கள். விளிம்புகள் மங்கும், எடை தாங்காமல் லென்ஸ் மோட்டார் திணறும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு

எல்லாவற்றையும் வாங்கியபின் மொட்டைமாடியில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கடைக்குத் திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் இதைச் செய்ய வேண்டும்.

1. மூன்று பேட்டரியும் நிரப்பி, இரண்டு கார்டையும் கேமராவில் ஃபார்மட் செய்யுங்கள். பால், 25 பிரேம், 4கே தேர்ந்தெடுங்கள்.

2. மெனுவில் வெப்பத்தால் தானாக அணையும் அளவு என்று ஓர் அமைப்பு உண்டு. இசட்வி-1-இல் அது 'ஸ்டாண்டர்டு' நிலையில் இருந்தால் 4கே ஐந்து நிமிடத்தோடு நின்றுவிடும். 'ஹை'-க்கு மாற்றுங்கள். பலர் இதைக் கேமராக் கோளாறு என்று நினைத்து சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். மாற்றியபின் கேமரா தொடும்போது நன்றாகச் சுடும், ஆகவே கையில் பிடிக்காமல் ட்ரைபாடில் வையுங்கள். திரையை உடம்பிலிருந்து விலக்கித் திறந்து வைத்தால் சூடு சீக்கிரம் வெளியேறும்.

3. மைக்கை மாட்டி, மாடியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பேசிக்கொண்டே நடங்கள். திரும்பி நின்றும் பேசுங்கள். மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து அதன் எதிரிலும் இரண்டு நிமிடம்.

4. பேட்டரி 1 தீரும்வரை விட்டு விட்டுப் பதிவு செய்து, எத்தனை நிமிடம் வந்தது என்று ஸ்டிக்கரிலேயே எழுதுங்கள். மற்ற இரண்டுக்கும் அப்படியே.

5. ட்ரைபாட் தட்டைக் கழற்றி, பேட்டரி மாற்றி, மறுபடி பூட்ட எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால் தட்டை மாற்றுங்கள்.

6. கார்டை ரீடரில் போட்டு, போன் வழியாக எஸ்எஸ்டிக்கு நகல் எடுங்கள். நகலைத் திறந்து, தொடக்கம், நடு, கடைசி மூன்றையும் ஹெட்போனில் கேளுங்கள். சட்டை உரசல், ஒரு காதில் மட்டும் வரும் குரல், மின்விசிறிக் காற்று எல்லாம் இங்கேதான் பிடிபடும்.

7. எல்லாவற்றையும் பயணப் பையில் அடுக்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவை ஒரு சுற்று வாருங்கள். நடந்துகொண்டே கேமராவை வெளியே எடுத்து, மைக் ஓடவிட்டு, பட்டை ஆடுவதைப் பார்த்துப் பதிவு தொடங்க இருபது நொடிக்குள் முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் எந்தப் பொருள் குறுக்கே வருகிறதோ அதை வெளியே எடுத்து வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.